பருவமும் இனமும்

தொல்காப்பிய மரபியலை இரண்டாம் ஆண்டு மாணவர்க்கு நாம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் எழுந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து. மரபியல் இளமைப் பெயர்களை முன்வைத்துத் தொடங்குகின்றது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என அவை ஒன்பது. எப்பெயர் எவ்வுயிரின் இளமைக்கு உரியது என்பதைப் பின்வரும் நூற்பாக்கள் வகுத்துரைக்கின்றன. இவற்றை நாம் கரும்பலகையில் எழுதி முடித்தபோது கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, நூற்பாக்கள் எல்லாம் அழிந்துபோய், இந்த ஒன்பது சொற்கள் மட்டும் ஒரு பானை ஓட்டில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஒன்பது வகை விலங்குகள் வாழ்ந்தன என்றுதானே எழுதியிருப்போம்?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா நம்மைத் தொடர்ந்து வந்தது. சொல்லை வைத்து நாம் செய்திருக்கக்கூடிய அப்பிழையை, எலும்பை வைத்து உலகின் பேரறிஞர்கள் உண்மையிலேயே செய்திருக்கின்றனர் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். அதைவிட வருத்தத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. அதே பிழையை உயிருள்ள ஒரு சிறுவனை வைத்து நாமே செய்திருக்கின்றோம். இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகின்றோம்.

எலும்பைக் கண்டு பெயரிடல்

மண்ணுள் புதைந்து கல்லாகிப்போன எலும்புகளையும் ஓடுகளையும் ஆராய்வது தொல்லுயிரியல். ஓர் உயிரினத்தின் புதைபடிவம் பெரும்பாலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒரு மண்டையோடு, இரண்டு முள்ளெலும்பு, ஒரு தொடையெலும்பு என்று சிதறியே கிடைக்கும். அவ்வாறு கிடைத்தது முன்னர் அறிந்தவற்றினின்று வேறுபட்டுத் தோன்றினால், அதற்குப் புதுப்பெயர் சூட்டுவது அறிஞர் வழக்கம். வேறுபாடு இருப்பது உண்மைதான். அது இனத்தால் வந்த வேறுபாடா, வயதால் வந்த வேறுபாடா என்பதே வினா.

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், தலையில் கொண்டை வைத்த தாவர உண்ணி டைனோசர்களின் மண்டையோடுகள் பல கிடைத்தன. கொண்டையின் வடிவும் அளவும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தமையால் மூன்று பேரினங்களாகவும் பன்னிரண்டு இனங்களாகவும் அவற்றை முன்னோர் பிரித்து வைத்திருந்தனர். 1975இல் பீட்டர் டாட்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அம்மண்டையோடுகளை அளந்து, வளர்ச்சியின் போக்கில் வரிசைப்படுத்தினார். கொண்டை பிறவியிலேயே வருவதன்று. விலங்கு வளர்ந்து வருங்கால் காலந்தாழ்ந்தே அது எழுகின்றது. எனவே சிறுகொண்டை உடையனவாகத் தனிப்பெயர் பெற்றிருந்தவை, பெருங்கொண்டை உடையவற்றின் பிள்ளைகளே எனத் தெரிந்தது. பன்னிரண்டு இனங்கள் மூன்றாகக் குறைந்தன. ப்ரோகெனியோசாரஸ் என்று ஏடுகளில் வாழ்ந்த விலங்கு, தனி விலங்காக ஒருபோதும் நிலத்தில் வாழ்ந்ததில்லை.

2009இல் ஜாக் ஹார்னர், மார்க் குட்வின் ஆகிய இருவரும் மற்றொன்றை எடுத்துரைத்தனர். தட்டையான தலையும் நீண்ட முட்களும் கொண்ட டிராகோரெக்ஸ், சிறு குமிழும் முட்களும் கொண்ட ஸ்டிகிமோலோக், பெருங்குமிழும் மழுங்கிய முட்களும் கொண்ட பாக்கிசெஃபலோசாரஸ் என்னும் மூன்றும் ஒரே விலங்கின் இளமையும் நடுப்பருவமும் முதுமையுமே என்பது அவர்கள் கருத்து. வளர வளரக் குமிழ் எழுகின்றது, முட்கள் தேய்கின்றன. அரும்பு, மொட்டு, மலர், வீ என்று பூவின் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்த தமிழருக்கு இது வியப்பளிக்காது. பெயர் பலவாயினும் பூ ஒன்றே என்பது நமக்குத் தெரியும். கொடியைக் காணாமல் உதிர்ந்தவற்றை மட்டும் கண்டவனுக்கு அது தெரிய வழியில்லை.

காரை மண்ணில் கண்டது

இவையெல்லாம் கடல்கடந்த நாட்டுக் கதைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. 2018ஆம் ஆண்டு, நம் மாணவர் சிலருடன் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊருக்குச் சென்றிருந்தோம். மரங்களற்று, மழைநீர் அரித்த பள்ளங்களாய்க் கிடக்கும் நிலம் அது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்குக் கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிரிகளின் படிவங்களால் இந்நிலப்பகுதி உலகப் புகழ் பெற்றது. 1863 முதல் 1866 வரை, ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் சார்பில் தென்னிந்திய அம்மோனைட்டுகளை விளக்கி எழுதிய நூல் இன்றளவும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகின்றது.

உடன்வந்த நிலவியல் பேராசிரியர், பாதி உடைந்து கிடந்த ஓர் அம்மோனைட்டைச் சுட்டிக்காட்டினார். வெளிச்சுற்றில் தடித்த வரிகள் ஓடின. உடைந்த இடத்தில் தெரிந்த உட்சுற்றோ வழவழப்பாக, வரியே இல்லாமல் இருந்தது. “உள்ளே இருப்பது வேறோர் உயிரியா?” என்று மாணவர் கேட்டனர். “அன்று. அதே உயிரியின் குழந்தைப் பருவம்,” என்றார் அவர்.

அம்மோனைட்டு, ஓட்டின் கடைசி அறையில் மட்டுமே வாழும். வளர வளர முன்புறம் ஓட்டை நீட்டிக்கொண்டு, பின்னால் ஒரு சுவரெழுப்பிப் பழைய இடத்தை அடைத்துவிடும். அதனால் அதன் இளமை அழிவதில்லை. நூற்கண்டின் உள்ளே முதலில் சுற்றிய நூல் இருப்பதுபோல நடுவில் அப்படியே இருக்கும். வெளிச்சுற்று உதிர்ந்து உட்சுற்று மட்டும் கிடைத்தாலோ, இளமையிலேயே இறந்த உயிரியின் ஓடு கிடைத்தாலோ, அதனை வேறோர் இனமென்று எண்ணுதல் எளிது.

குசராத்தின் கச்சுப் பகுதியில் இவ்வாறே நேர்ந்தது. அங்குக் கிடைத்த அம்மோனைட்டுகளை இலண்டன் அறிஞர் ஸ்பாத் 1927 முதல் 1933 வரை ஆராய்ந்து, நுண்ணிய வேறுபாடுகளுக்கெல்லாம் தனித்தனியே பெயரிட்டார். பின்னாளில் கொல்கத்தா ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, அவ்வேறுபாடுகளுள் பல வயதாலும், ஆண் பெண் என்னும் பாலாலும், ஓரினத்துள் இயல்பாக அமையும் மாறுதலாலும் வந்தவை என்று காட்டினர். ஸ்பாத்தின் உழைப்பைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. வேறுபாட்டைக் காணும் கண் அவருக்குக் கூர்மையாக இருந்தது. கண் கூர்மையாக இருப்பவர்க்கே இப்பிழை மிகுதியும் நேர்கின்றது என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்க்கின்றோம்.

ஒரு தலைப்பாகமும் ஏழு தலைப்பாகமும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1994ஆம் ஆண்டில் நாம் கல்லூரிப் பணிக்கு வருமுன், பனியன் கம்பெனிகளில் வேலை செய்த சிறுவர்க்கென நண்பர் சிலருடன் சேர்ந்து இரவு வகுப்பு ஒன்று நடத்தினோம். அங்குப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். பவர்டேபிளில் தைப்பவருக்குத் துணி எடுத்துக்கொடுத்து மடிக்கும் கைமடி வேலை அவனுக்கு. நாம் பாடம் தொடங்கிய சிறிது நேரத்தில் அவன் தலை சாயும். ரகர றகரம் அவனுக்குப் பிடிபடவில்லை. வாய்ப்பாடு ஏழைத் தாண்டவில்லை. நான்கு மாதம் பார்த்தோம். பிறகு அவன் தாயை அழைத்து, நமக்கே உரிய உறுதியோடு இப்படிச் சொன்னோம்: “அம்மா, உங்கள் மகன் படிக்கிற இனம் இல்லை. தொழிலிலேயே விட்டுவிடுங்கள். அவனையும் வருத்தாதீர்கள்.”

அந்த அம்மையார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “சரிங்க சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லி மகனை அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் முதல் அவன் வரவில்லை. அறிவுடைய செயல் ஒன்றைச் செய்துவிட்டதாக நாம் எண்ணியிருந்தோம்.

2023ஆம் ஆண்டு துறை விழாவிற்கு மாணவர்க்குச் சட்டைகள் வாங்குவதற்காக ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் மாதிரி தயாரிப்புப் பிரிவிற்குச் சென்றோம். அங்குப் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர் எழுந்து வந்து, “சார், என்னைத் தெரியுதுங்களா?” என்றார். பெயரைச் சொன்னதும் தெரிந்தது. நமக்கு முகம் கொடுக்க இயலவில்லை. அவர் அதைக் கவனியாதவர்போல் நாற்காலியை நகர்த்திப் போட்டுத் தேநீர் வரவழைத்தார். தம் தொழிலைக் காட்டும் ஆவல் அவர் முகத்தில் இருந்தது. மேசைமேல் அட்டை மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். இரண்டு வயது, நான்கு வயது, ஆறு வயது எனத் தொடங்கிப் பெரியவர் அளவு வரை ஒரே சட்டை.

“புதுசா வர்றவங்க என்ன பண்ணுவாங்க தெரியுங்களா சார்? பெரியவங்க அட்டையை எடுத்து எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் சுருக்கிடுவாங்க. பார்க்கச் சட்டை மாதிரியே இருக்கும். குழந்தைக்குப் போட்டா கழுத்தில் தலை நுழையாது. குழந்தைங்கிறது சின்ன பெரியவங்க இல்லைங்க. அதுக்கு அளவே வேற.”

நாம் வியந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவர்க்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கே தலை. உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே விரைவில் வளர்வதில்லை. அதனால்தான் குழந்தைச் சட்டையின் கழுத்து உடம்பிற்கு ஒவ்வாத அகலத்தில் இருக்கின்றது. அல்லது தோளில் பட்டன் வைத்துத் திறக்கின்றார்கள். டாட்சன் மண்டையோடுகளை அளந்து நிறுவிய உண்மையும் அடிப்படையில் இதுவே. இளமைக்கும் முதுமைக்கும் இடையே வேறுபடுவது அளவு மட்டுமன்று; விகிதமே வேறுபடுகின்றது. விகிதம் வேறுபடுவதால்தான் குட்டியைக் கண்டவர் அதனை வேறு விலங்கு என்கின்றார். நூல்களைப் படித்து நாம் அறிந்ததை அவர் கத்தரிக்கோலின் வழி அறிந்திருந்தார்.

விடைபெறும்போது தயங்கித் தயங்கி நாம் அந்தப் பழைய நாளைப் பற்றிப் பேச்செடுத்தோம். அவர் சிரித்தார்.

“அன்னைக்கு நான் தூங்கினது படிப்புப் பிடிக்காம இல்லைங்க சார். அப்ப எனக்கு ஒன்றரை ஷிப்ட்டு. காலையில் எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவாங்க. அங்கிருந்து நேரா உங்க கிளாசுக்கு வந்தேன்.” சற்று நிறுத்தி, “முப்பது வயசுக்கு மேல தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடிச்சேங்க. தமிழ்தான் எடுத்தேன். அம்மாவுக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கலை,” என்றார்.

அவர் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒருநாள் வேலையின் களைப்பையும் பதின்மூன்று வயதின் நிலையையும் பார்த்து, அதனை ஓர் இனத்தின் இலக்கணம் என்று நாம் எழுதிவிட்டோம். புதைபடிவத்திற்குத் தவறான பெயர் வைத்தால் அதற்கு வலிப்பதில்லை. எத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு டாட்சன் வந்து திருத்தலாம். நம் தீர்ப்பைத் திருத்தியவர் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளைச் செலவிட்டே திருத்த வேண்டியதாயிற்று. அவர் தாய்க்கு அத்திருத்தம் எட்டவே இல்லை.

வெட்டிப் பார்த்தல்

அப்படியானால் இளமையை இளமை என்று எவ்வாறு அறிவது? வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல் உள்ளே பார்க்க வேண்டும் என்கின்றனர் இக்கால ஆய்வாளர். எலும்பிலிருந்து மிக மெல்லிய சில்லொன்றை அறுத்து, ஒளி ஊடுருவுமளவு தேய்த்து நுண்ணோக்கியில் காண்கின்றனர். மரத்தின் ஆண்டு வளையங்கள் போல் எலும்பிலும் வளையங்கள் உண்டு. விரைந்து வளரும் இளம் எலும்பில் குருதிக்குழல்கள் மிகுந்திருக்கும்; வளையங்கள் அகன்றிருக்கும். வளர்ச்சி நின்றுவிட்ட எலும்பின் வெளி விளிம்பில் வளையங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அம்மோனைட்டிலும் முதிர்ந்த பருவத்தில் எழுப்பிய கடைசிச் சுவர்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். வளர்ச்சி முடிந்ததா, இன்னும் நடந்துகொண்டிருந்ததா என்பதே அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. பெயரிடுவது அதன் பின்னர்.

இங்கே எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிடின் கட்டுரை நேர்மையாகாது. சிறியனவெல்லாம் பெரியவற்றின் பிள்ளைகளே என்று முடிவுகட்டுவதும் பிழையாகலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் 1942இல் கிடைத்த ஒரு சிறு மண்டையோட்டிற்கு 1988இல் நானோடிரானஸ் என்று பெயரிட்டனர். 1999இல் தாமஸ் கார் என்பார் அது புகழ்பெற்ற டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் கொடுவிலங்கின் இளமையே என்று வாதிட்டார். அறிஞருள் பெரும்பாலோர் கால் நூற்றாண்டு காலம் அதனை ஏற்றிருந்தனர். ஆனால் 2025 அக்டோபரில் லிண்ட்சே ஸன்னோ, ஜேம்ஸ் நாபோலி ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வேறொரு முழு எலும்புக்கூட்டை ஆராய்ந்து எழுதினர். அதன் எலும்பு வளையங்கள், இறக்கும்போது அதற்கு ஏறத்தாழ இருபது வயது என்றும் வளர்ச்சி முடியும் நிலையில் இருந்தது என்றும் காட்டின. பிள்ளை என்று கருதப்பட்டது, தன்னளவில் முதிர்ந்த தனி இனம். அது வளர்ந்து வேறொன்றாக ஆகவேண்டும் என்று காத்திருந்தவர்கள்தாம் தவறியிருந்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய மறுதலை ஒன்று உண்டு. குசராத்தின் தோலி துங்கிரி என்னும் ஊரில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தனஞ்சய் மொஹபே டைனோசர் முட்டைகளோடு சிறு எலும்புகளையும் கண்டெடுத்து 1987இல் வெளியிட்டார். அவ்வெலும்புகள் எல்லாம் பொரித்த குஞ்சினுடையவை என்றே கருதப்பட்டது. 2001இல் ஜெஃப்ரி வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அதனைக் கூர்ந்து நோக்கியபோது, முள்ளெலும்புகளில் சில பாம்பினுடையவை எனக் கண்டார். இருவரும் பிறரும் சேர்ந்து ஆராய்ந்து, 2010இல் அதற்குச் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டனர். அரை மீட்டர் நீளக் குஞ்சின் அருகே, முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது மூன்றரை மீட்டர் நீளமுள்ள பாம்பு. குஞ்சின் உடம்பு என்று நினைத்ததில் பாதி, அதனை உண்ண வந்ததன் உடம்பு! தம் முந்தைய கருத்தைத் தாமே உடனிருந்து திருத்திய மொஹபேயின் பண்பை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

ஆதலால் இவ்வாய்வுகள் நமக்குத் தரும் பாடம், சிறியதைக் கண்டால் பிள்ளை என்று சொல் என்பதன்று. தனியினம் என்று சொல் என்பதும் அன்று. சொல்லுமுன் வளையங்களை எண்ணு என்பதே. மாணவருள் சிலர் இன்னும் வளர்பவர். அவர்க்குக் காலம் வேண்டும். சிலர் நம்மினும் வேறான வகையில் ஏற்கெனவே முதிர்ந்தவர். அவரை நம் அச்சில் வார்க்கக் காத்திருத்தல் வீண். இவர் எவ்வகையினர் என்பதை ஒரு தேர்வுத்தாளும் நான்கு மாதமும் காட்டிவிடா.

தமிழ் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வாழ்வைப் பத்துப் பருவமாகப் பகுத்து ஒவ்வொன்றையும் அதனதன் அழகோடு பாடுகின்றது. செங்கீரை ஆடும் குழந்தையிடம் சிறுதேர் உருட்டவில்லையே என்று எந்தப் புலவரும் குறைப்பட்டதில்லை. இவ்விலக்கிய வகையை நம் முஸ்லிம் புலவர்களும் விரும்பி எடுத்துப் பாடியிருக்கின்றனர். அத்துறையைக் கற்பிக்கும் நாமே அதன் பொருளை ஒரு சிறுவனிடம் மறந்தோம்.

இம்மலரைப் படிக்கும் பெரியவர்கள், ஊரில் கல்வி உதவி கேட்டு வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள். மதிப்பெண் குறைந்த விண்ணப்பத்தை ஒதுக்கும் முன், அப்பிள்ளை இரவில் எங்கே இருந்தான் என்று ஒருமுறை விசாரித்தறிய வேண்டுகின்றோம். ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. நம் பிழையை மட்டும் அவர்கள்முன் வைக்கின்றோம்.

மரபியல் வகுப்பில் அவ்வினாவை எழுப்பிய மாணவர், மாலையில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கின்றவர். முதல் மணி வகுப்பில் சில நாள் அவர் தலை மேசையில் சாயும். இப்பொழுதெல்லாம் நாம் அவரை அதட்டி எழுப்புவதில்லை. வகுப்பு முடிந்தபின் அருகே சென்று, நேற்று வேலை முடிய எத்தனை மணி ஆயிற்று என்று கேட்கின்றோம்.